குழம்பு ஆறும் ஞாயிறு

செப்டம்பர் 16
சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் விதவைகளுக்குத் தரும் பங்குக் கரி வந்து இறங்கியது. என் வீட்டுக்காரர் எர்வின் இருந்தால் ஒரு கட்டியை உருட்டிப் பார்த்து, எந்த அடுக்கில் வெட்டினது என்று சொல்லியிருப்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு இது முதல் குளிர்காலம்.

செப்டம்பர் 21
ஞாயிறு. கதோவிட்சே நகரத்திலிருந்து மகள் டோரோட்டா வந்தாள். குழி வைத்த உருளைக்கிழங்கு உருண்டை, மாட்டிறைச்சிச் சுருள், சிவப்புக் கோஸ். எல்லாம் இருந்தது. சண்டைதான் இல்லை.

அவள் பள்ளி முடித்த வருஷம் அப்பாவோடு ஆரம்பித்த சண்டை. கரியை எரித்து நாம்தான் உலகத்தைச் சூடாக்குகிறோம் என்பாள். அவர் முள்கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்லுவார்: "பூமி சூடாத்தான்டி இருக்கு. தினம் சுரங்கத்துக்குள்ள போய்ட்டு வர்றவன், எனக்குத் தெரியாதா?" குழம்பு ஆறிப்போகும். நான் கத்துவேன்.

இன்று சூடாகவே சாப்பிட்டு முடித்தோம்.

அக்டோபர் 8
நகரசபை ஆள் வந்தார். பழைய கரியடுப்பு இனிமேல் கூடாதாம், சட்டமாம். முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 19
சட்டம் சரிதான் என்றாள் டோரோட்டா. எனக்குப் பேச்சு எங்கிருந்து வந்ததோ. எரிமலை புகையவில்லையா, என் ஒரு புகைக்கூண்டா உலகத்தைக் கெடுக்கிறது, சுரங்கத்தை மூடினால் இந்தத் தெரு எதைத் தின்னும் என்று கேட்டேன். எல்லாம் அவர் கேட்டவை. அவளும் விடவில்லை. எரிமலை விடுவது கொஞ்சம், நாம் விடுவதுதான் மலையளவு. வேறு வேலை கொடுத்துவிட்டு மூடு என்றுதானே நாங்களும் கேட்கிறோம் என்றாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, நீ இதையெல்லாம் நம்புறியா?"

"நம்பல. அந்தப் பக்கம் பேச இப்ப ஆள் இல்லையே."

குழம்பு ஆறிவிட்டது. யாரும் தொடவில்லை.

அக்டோபர் 20
அடுப்பு போனால் சண்டை முடிந்துபோகும். அவர் தோற்றதாகிவிடும் — அதுதானா என் பயம்? வேறென்ன.

நவம்பர் 3
அடுப்பை எடுத்துவிடலாம், சரி என்று நகரசபைக்குச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 4
சுரங்கக்காரர்களைக் காக்கும் புனித பார்பராவின் நாள். விடியுமுன் சுரங்க வாத்தியக்காரர்கள் தெருவில் ஊதிக்கொண்டு வந்தார்கள். எப்போதும் அடுப்பை மூட்டிவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பேன். இன்று மூட்ட ஒன்றுமில்லை. ஜன்னல் விளிம்பில் பனி கரித்தூள் படியாமல் வெள்ளையாகவே கிடந்தது. நம் வீட்டு முன்னால் நின்றுதான் வாசித்தார்கள்.

டிசம்பர் 7
ஞாயிறு. தோட்டத்தில் ஆழமாகத் துளை போட்டு, மண்ணுக்குள் இருக்கும் சூட்டை வீட்டுக்கு இழுக்கிற யந்திரம் வைத்திருக்கிறார்கள். டோரோட்டா சுவர்க் குழாயில் கை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"பூமி சூடாத்தான்மா இருக்கு. அப்பா சொன்னது சரிதான்."

"கீழ இருக்கிறது அவர் சொன்ன சூடு. மேல காத்துல இருக்கிற சூடு நாம வச்சது," என்றேன்.

ஆரம்பித்துவிட்டோம். குழம்பு ஆறட்டும்.