இருபத்துநான்கு, முப்பத்தாறு

மார்ச் 3, திங்கள்
அட்டை வெட்டும் மெஷினில் இன்றும் அந்தச் சத்தம். டக்... கொஞ்சம் இடைவெளி... டக். எண்ணெய் விடக் குனிந்தபோது காதருகே கேட்டது. அது நாத்தனார் நிற்கும் மெஷின். வெட்டும் தட்டு மேலே போகும் நேரத்தில்தான் இரண்டு கையையும் உள்ளே விட்டு அட்டையை எடுப்பாள். பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்து, தட்டு தானாக இறங்கிவிட்டால்?

மார்ச் 4
மேற்பார்வையாளரிடம் சொன்னேன். சத்தமாக இருந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனாரும்தான்.

மார்ச் 6
போன மாதம் சின்னச் சக்கரம் தேய்ந்துவிட்டதென்று மெக்கானிக் வேறொன்று போட்டார். மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்தித்தான் பொருத்த முடிந்தது. அதற்குப் பிறகுதானே இந்தச் சத்தம்? காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் மூடியைத் திறந்து, சாக்பீஸால் குறி போட்டு எண்ணினேன். பெரியதில் 36 பல், சின்னதில் 24. பெரியதில் ஒரு பல்லின் முனை உடைந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டினேன். இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது, என்ன ஆகிவிட்டது என்று கேட்டார்.

உண்மைதான். அப்படியானால் இப்போது மட்டும் ஏன்?

மார்ச் 7
நாள் முழுக்க டக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, சனி
கணக்கென்றாலே பள்ளிக்கூடத்தில் எனக்குக் கை வியர்க்கும். இன்று நானே உட்கார்ந்தேன். பெரிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் பலமாக ஒரு டக். 36 × 2 = 72. 24-ஐ எதால் பெருக்கினால் 72? வாய்ப்பாட்டை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். மூன்று. சின்னது மூன்று சுற்று சுற்றியதும் அதே பல்லில் அதே பல் வந்து விழுகிறது!

24-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24. 36-க்கு 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36. இரண்டுக்கும் பொதுவானதில் பெரியது 12. அப்படியென்றால் உடைந்த பல், சின்னச் சக்கரத்தில் ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு பல் தள்ளித்தான் விழும். 24-இல் அப்படி மொத்தமே இரண்டு பல். எல்லா அடியும் அந்த இரண்டுக்கே.

வீட்டுக்காரர் தாளை எடுத்துப் பார்த்தார். விளக்கினேன். பிறகு, "என் தங்கச்சி கையை வச்சா கணக்குப் போடுறே?" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

மார்ச் 10
பழைய சக்கரம் மெக்கானிக்கின் இரும்புக் குப்பையில் கிடந்தது. 25 பல்! 25-க்கும் 36-க்கும் ஒன்றைத் தவிரப் பொதுக்காரணி கிடையாது. அடி இருபத்தைந்து பல்லுக்கும் பங்காகிப் போயிருக்கிறது. அதனால்தான் இரண்டு வருடம் தாங்கியது.

நாத்தனாரிடம் லீவு போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நான் லீவு போட்டா வேற ஒருத்தி நிப்பா அண்ணி. அவ கை கையில்லையா?"

பயமா இருக்கே... யார்கிட்ட போய்ச் சொல்ல?

மார்ச் 11
மெஷினை நானே நிறுத்திவிட்டேன். மேற்பார்வையாளர் கத்திக்கொண்டே வந்தார். நான் மூடியைக் காட்டிச் சொன்னேன்.

"ரெண்டே ரெண்டு பல்லைப் பாருங்க சார். விரிசல் இல்லன்னா நாளையிலேர்ந்து நான் வரலை."

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். உடைந்த பல் விழும் இடத்தைக் காட்டினேன். கிரீஸைத் துடைத்தார். ஒன்றுமில்லை. பன்னிரண்டு எண்ணி அடுத்ததைத் துடைத்தார். அவர் நகம் சிக்கியது. அடிவரை விரிசல்.

யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

மார்ச் 12
புதுச் சக்கரம் வரும்வரை மெஷின் ஓடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 15, சனி
25 பல் சக்கரம் வந்து மாட்டியாயிற்று. சாப்பாட்டு இடைவேளையில் மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்க்காமல், மற்ற மெஷின்களையும் எண்ணிச் சொல்லச் சொன்னார். மூன்றாவதில் 28, 42. பெரிய பொதுக்காரணி 14. உடைந்த பல் எதுவும் இல்லை என்று சொன்னேன். மணி அடித்தது. அந்த மெஷினில் நிற்கும் பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் குறுக்கே போய் நின்றார்.

"இரும்மா. அவங்க இன்னொரு தரம் எண்ணிடட்டும்."