ஆல்டர்விக் தொரையும் எங்க ஊரு கரண்டு கம்பமும்

அரிமளம் பக்கம்
18.8.1963

சிரஞ்சீவி தம்பி ஆத்மநாதனுக்கு ஒங்க ஆத்தா மீனம்மாள் எழுதிக்கொண்டது. இங்க நானும் ஒங்கப்பாவும் தங்கச்சி அழகியும் நல்ல சொகம், ஒரு பாட்டம் மழை பேஞ்சிருக்கு, வெதப்புக்கு ஏர் கட்டியாச்சு. ஒன் ஒடம்பு சொகத்துக்கு எழுது, அதோட ஒன் புத்தி சொகமா இருக்கான்னும் எழுது, போன வாரம் வந்த ஒன் கவரப் பிரிச்சதுலேருந்து எனக்கு அந்தக் கவலைதான் பெருசா இருக்கு.

அங்க சீமையில நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர் ஹார்ட்லி தொரை தை மாசம் சித்தன்னவாசல் சித்திரம் பாக்க வந்தப்ப, நீ சொல்லிவிட்டன்னு நம்ம வீட்டுல தங்கிப் போனாரில்ல, அப்ப அவர் எடுத்த போட்டோவ அவுக ஊருச் சங்கத்துப் பத்திரிகையில போட்டிருக்காகன்னு கத்தரிச்சு அனுப்பியிருக்க. நான் கொடத்தோட நிக்கிறேன், கீழ காலம் தொடாத கிராமம்னு எழுதியிருக்குன்னு லீவுக்கு வந்த அழகி படிச்சுச் சொன்னா. காலம் எங்க தொட்டுச்சுன்னு என் இடுப்பக் கேட்டா அது சொல்லும். அந்தச் சங்கத்துல நீயும் சேந்துட்டேன்னு வேற பெருமையா எழுதியிருக்க. தொரை இங்க வந்து செஞ்ச காரியத்த ஒனக்கு முழுசாச் சொல்லியிருக்க மாட்டார், அதனால நான் சொல்றேன் கேட்டுக்க.

வந்த அன்னைக்கு நாட்டுக்கோழிக் கொழம்பு ஊத்திச் சாப்புட்டுட்டு, கயித்துக் கட்டில்ல ஒக்காந்து அவுக ஊருக் கதைய ஆரம்பிச்சார். அழகி திருச்சி காலேஜ்லேருந்து பொங்கல் லீவுக்கு வந்திருந்தா, அவதான் தமிழ்ல எடுத்துச் சொன்னா. ஆல்டர்விக்குன்னா ஒரு காலத்துல பழைய கோயிலும், ஓடைக்கரையில ஒரு மாவு மில்லும், வாத்து நீந்துற குளமும், சுத்தி வயக்காடுமா இருந்துச்சாம். ரயிலு வந்துச்சாம், டவுன்ல வேல பாக்கிறவுக எல்லாம் குடியேறுனாகளாம், ஓடையக் குழாய்க்குள்ள அடச்சு மேல ரோடு போட்டாகளாம், குளத்தத் தூத்துக் கடை கட்டுனாகளாம். இப்ப டவுனோட டவுனா ஒட்டிப்போயி, ஊரு பேரு பஸ்ஸு போர்டுல மட்டுந்தான் இருக்காம். சொல்லும்போது கண்ணத் தொடச்சுக்கிட்டார், எனக்கே அய்யோ பாவம்னு ஆயிருச்சு. ஒங்கப்பா ஒரு வெவசாயி இன்னொரு வெவசாயியக் கேக்குற மாதிரி, வயல வித்தது யாருன்னு கேட்டார். தொரை சொன்னார், ரயிலடிப் பக்கம் இருந்தத அவர் அப்பா வித்தாராம், மிச்சத்த ரெண்டாம் ஒலகச் சண்டை முடிஞ்ச பெறகு இவரே வித்தாராம். ஆப்பிள் மரமா நின்ன கொல்லைய அழிச்சு அதுலதான் நீ இருக்கிற வீட்டு வரிசையக் கட்டுனாராம். அந்தத் தெருவுக்கு வச்ச பேரு ஆப்பிள் தோட்டத் தெரு. பெத்த மகள வித்துப்புட்டு வாங்குன நாய்க்கு அவ பேர வச்ச கதைதான். சங்கம் எதுக்குன்னா, பழைய ஊரக் காப்பாத்துறதுக்காம். இப்ப அங்க காப்பாத்த மிஞ்சியிருக்கிறது நடு ரோட்டுல ஒரு அடிபம்பு. அதுல தண்ணி வராது, சுத்திச் சங்கிலி போட்டுப் பெயிண்டு அடிச்சு வச்சிருக்காகளாம்.

அதோட போயிருந்தா நான் ஏன் இதெல்லாம் எழுதப்போறேன். நம்ம கமலைக் கெணத்துல தண்ணி எம்புட்டு ஆழத்துக்குப் போச்சுன்னும், போன வருசக் கோடையில கடலைச் செடி கருகுனதும், கெழட்டு மாடு ரெண்டும் இறைக்க முடியாம நொண்டுனதும் ஒனக்குத் தெரியும். ஒங்கப்பா மோட்டாருக்குக் கரண்டு கேட்டு ஆபீசு ஆபீசா அலைஞ்சு, ஒரு வழியா கரண்டு கம்பம் கண்மாய்க் கரையில வந்து எறங்கிக் கெடந்துச்சு. தொரை வந்திருக்கிறது தெரிஞ்சு கரண்டு லயன் போடுற ஆபீசர் பூமாலையோட வந்துட்டார். இது சொர்க்கம், இந்தக் கரையில கம்பத்த நட்டுக் கெடுத்துராதீகன்னு தொரை அவர்கிட்டச் சொன்னார். இவரும் எஸ் சார் எஸ் சார்ங்குறார். வெள்ளைக்காரன் போயி பதினாறு வருசமாச்சு, இந்த மனுசன் முதுகு இன்னும் நிமிரல. மறுநாள் காலையில கம்பத்த வேற ஊருக்கு ஏத்திட்டுப் போக லாரி வந்து நிக்கிது. ஒங்கப்பா விருந்தாளி மொகம் கோணக்கூடாதுன்னு வாயத் தொறக்காம வெத்தலைய மடிச்சுக்கிட்டு இருந்தார். ஊரு ஆம்பளைக அம்புட்டுப் பேரும் தொரை காமிராவப் பாக்கப் போயிருந்தாக.

நான் மேல வீட்டு ராக்காயியையும் நாலஞ்சு பொம்பளைகளையும் கூட்டிக்கிட்டுப் போயி கம்பத்து மேலயே ஒக்காந்துட்டேன். ஆபீசர் ஓடியாந்து, அம்மா எந்திரிங்க, வெளிநாட்டுப் பெரியவர் சொன்னதுன்னார். அப்படின்னா அந்தப் பெரியவரையே வந்து தூக்கச் சொல்லுங்கன்னேன். தொரையும் வந்தார், அப்பவும் கழுத்துல காமிரா தொங்குது. நான் அழகிகிட்ட, நான் சொல்றத ஒரு சொல்லு விடாம இங்கிலீஷ்ல சொல்லுன்னு சொல்லிட்டு அவர்கிட்டக் கேட்டேன். ஒங்க ஆல்டர்விக் வீட்டுல நான் போயி இருக்கேன், சுவிட்சத் தட்டுனா எரியிற அடுப்புல சமைச்சுக்கிறேன். நீங்க இங்கிட்டு இருந்து இந்தக் கெணத்துல கமலை ஓட்டுங்க, சிம்னி வெளக்குல என் மக பரிச்சைக்குப் படிக்கப் பக்கத்துல ஒக்காருங்க, சம்மதமாங்கன்னேன். அவர் மொதல்ல சிரிச்சார். அழகி சிரிக்காம நிக்கிறதப் பாத்ததும் மொகம் செக்கச் செவேல்னு ஆயிருச்சு. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்னார். நல்லதா இருந்தா ஒங்க வயல வித்திருக்க மாட்டீங்கன்னேன். அத அழகி சொல்லவா வேணாமான்னு என்னப் பாத்தா, சொல்லுடின்னேன், சொல்லிட்டா. அவர் திரும்பி நடந்து போயிட்டார். லாரி டிரைவர் எங்களப் பாத்தான், ஆபீசரப் பாத்தான், காலி லாரியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். அன்னைக்குச் சாயந்தரமே தொரை பொன்னமராவதி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டார், கட்டுச்சோறு கட்டிக் குடுத்துத்தான் அனுப்புனேன், அதுல கொறை வைக்கல.

வைகாசியில கரண்டு வந்துச்சு. மோட்டாரத் தட்டுனதும் தண்ணி குபுகுபுன்னு வந்து விழுந்துச்சு, ஒங்கப்பா என்னமோ தானே சண்ட போட்டு வாங்குன மாதிரி துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டார். இப்ப நீ எழுதுற, ஆத்தா நம்ம ஊரு மாறாம அப்படியே இருக்கணும், நெனைக்கவே சொகமா இருக்குன்னு. ஒனக்கு நெனைக்கிறதுக்கு ஒரு ஊரு வேணும், அதுக்கு நாங்க இருட்டுல ஒக்காந்திருக்கணுமா? தொரைக்காவது வித்த பாவம் இருக்கு, அதனால அழுகுறார். ஒனக்கு என்ன கேடு?

மருந்துப் பொடி அனுப்பியிருக்கேன், சளி புடிச்சா வெந்நீல போட்டுக் குடி. குளிருக்கு உள்பனியன் இல்லாம வேலைக்குப் போகாத. தொரைய நான் வெசாரிச்சதாச் சொல்லு, சண்டைய விருந்தாளிகிட்ட வளக்கக்கூடாது. அந்தச் சங்கத்துலேருந்து பேர எடுத்துரு. நம்ம ஆத்மநாதசாமி ஒனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் குடுக்கட்டும். அடுத்த வருசம் வாரேன்னு எழுதியிருக்க. ஊரப் பாக்க வாரதா இருந்தா வராத. எங்களப் பாக்க வாரதா இருந்தா வா.

இப்படிக்கு
ஒன்னப் பெத்த ஆத்தா
மீனம்மாள்