மழை என்று நீ நினைத்த காற்று

என்னைப் பெற்றவளே, என் அம்மா,

உன் போனை இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். போன வாரம் அதில் குவைத்திலிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. நூரா. பதினொரு வருஷம் நீ வேலைக்கு இருந்து தூக்கி வளர்த்த வீட்டுப் பிள்ளை. நீ போன வருஷமே இறந்துவிட்டாய் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அழுதுகொண்டே பேசி அனுப்பினாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. உனக்கு நான் ஒரே பிள்ளை. எனக்கு ஏழு வயதில் நீ விமானம் ஏறினாய். அவள் எந்த உரிமையில் அழுகிறாள்?

புழுதிப் புயல் அடித்த நாளைப் பற்றி நீ என்னிடம் சொன்னாயா என்று கேட்டாள். சொன்னாயே. அந்த வாரம் வழக்கமான வெள்ளிக்கிழமை போனில் மூச்சு வாங்கச் சொன்னாய்.

"வெயிலு கொளுத்திக்கிட்டு இருந்துச்சுடி. திடீர்னு சில்லுன்னு காத்து. நம்ம மலையில அப்பிடி அடிச்சா அடுத்து மழதானே? புள்ளைக்கு மழ காட்டலாம்னு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டு ஓடுனேன்."

நம் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் அந்தக் காற்று வந்தால் கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கு ஓடி ஒதுங்குவீர்கள். அங்கே முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். வந்தது மண். வானம் வரைக்கும் ஒரு பழுப்புச் சுவர்.

புவியியலில் பட்டம் வாங்கிவிட்டேன், அம்மா. வகுப்பில் அதே சுவரைத் திரையில் காட்டினார்கள். இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பாயுமாம். மழை நிலத்தைத் தொடாமலே காய்ந்துபோனாலும் காற்று மட்டும் முன்னால் ஓடிவந்து மண்ணை வாரி எழுப்புமாம். உன் கணக்குத் தப்பவில்லை. அது மழைக்காற்றேதான். என் அம்மா அதில் நின்றவள் என்று எழுந்து சொல்ல வாயெடுத்தேன், கூச்சத்தில் அடங்கிவிட்டேன். கூச்சம் மட்டுமா? உன் துப்பட்டாவுக்குள் முகம் புதைத்துக் கிடந்தது நானில்லையே. எனக்கு என்றைக்காவது நீ மழை காட்டியிருக்கிறாயா?

அன்று அவள் காதில் நீ திரும்பத் திரும்பச் சொன்னதை நூரா சொல்லிக் காட்டினாள். "கண்ண மூடிக்க தங்கம்." அரபு வாடையே இல்லை. அசல் நம் லயத்து வீடுகளின் பேச்சு. அர்த்தம் கேட்டாள். கண்ணை மூடிக்கொள் என்று எழுதினேன். அந்தக் கடைசிச் சொல்? அதற்கு அர்த்தமில்லை, சும்மா ஒரு ஓசை என்று எழுதிவிட்டேன்.

தங்கம் என்று என்னைத்தானே கூப்பிடுவாய்? அதுவும் அந்தப் பதினொரு வருஷமும் போனில், வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

என்னை வளர்த்த சின்னம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே சிரித்தாள். "படிச்ச புள்ள பண்ற வேலையாடி இது? அர்த்தம் தெரியாமலே பதினஞ்சு வருசமா வச்சிருக்கா அவ. தெரிஞ்ச நீ அத ஒளிச்சு வச்சு என்னா பண்ணப் போற?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எழுதுவேன், அம்மா, சத்தியமாக. தங்கம் என்றால் என்ன, யாரை நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம், நான் ஏன் பொய் சொன்னேன், எல்லாவற்றையும். பொறாமை போய்விடும் என்று மட்டும் என்னால் வாக்குத் தர முடியாது. அவள் மறுபடி அழுதால் ஒரு அக்காவாக முழுக்கக் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் மூத்த மகள்