வேலிக்கு வைத்த கெடு

கார்த்திகை 2
விடிந்ததிலிருந்து தூறல். ராஜகிரி உச்சி தெரியவில்லை. மண்டிக்குக் கடலை மூட்டை வரத்து இல்லை. நனைந்த மல்லாட்டையை எவன் வாங்குவான்.

கருங்கல் வண்டி வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனது. சுலைமான் பாய் வீட்டுப் பக்கம் சுவர் எழுப்ப. அவர் ஆடுகள் முன்பு நம் செம்பருத்தியை மொட்டையடித்தவை. ராஜமதி ஈரத் தலையோடு வெளியே வந்து கல்லைப் பார்த்தாள்.

"என் வேலிக்கு இன்னா கொறைச்சல்?"

போன வருஷம் தானே கிளுவைக் குச்சி நட்டு வளர்த்த வேலி. கோபம் நியாயம்தான். ஆனால் சுவர் என்றால் ஒரு தடவை வேலையோடு முடிந்தது.

"மார்கழி பொறக்குற வரைக்கும் கெடு குடுங்க. அதுக்குள்ள ஒரு ஆடு உள்ள வந்தாலும் நானே கொத்தனாரக் கூப்புடுறேன்."

சரி என்றேன். மண்டியில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். கல் வந்து இறங்கிய பிறகு நாள் வாங்கியவள் என் பெண்டாட்டிதான்.

கார்த்திகை 9
வெயில். பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். வேலியின் மேல்கொழுந்தை அரிவாளால் வெட்டி அந்தப் பக்கம் வீசுகிறாள். ஆடுகள் வரிசையாக நிற்கின்றன, ரேஷன் கடை மாதிரி. முண்டுவதில்லை. தழை தேடி வரும், தின்னும், போய்விடும். வெட்டிய இடத்தில் வேலிக்கு இரண்டு கிளை. எதிராளிக்குப் படியளந்து தன் சரக்கையும் பெருக்குவது. எனக்குத் தோன்றியிருக்காது.

பாய் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "நைனாரே, எங்கூட்டுல தழை போட்டா மோந்துகூட பாக்குறதில்ல. அக்கா கையாலதான் வேணுமாம். இதுங்கள உங்களுக்கே தத்து குடுத்துடட்டுமா?"

ராஜமதி: "பாலும் சேத்துன்னா குடுங்க. புழுக்கையும் எனக்குத்தான்."

டிசம்பர் பூ வேலியோரம் நீலமாய்ப் பூத்திருக்கிறது. கனகாம்பரம் நல்ல நிறம். செடியில் புழு. நான் வாங்கி வந்த மருந்துப் பொடியைத் தொடவில்லை அவள். இலையோடு கிள்ளி எருக்கஞ்செடியில் விட்டுவிட்டு வந்தாள். உயிரைக் கொல்லாதது நம் சமண வீட்டு வழக்கம். மண்டிப் பரபரப்பில் எனக்குத்தான் மறந்துபோகிறது.

கார்த்திகை 16
பன்னீர் ரோஜா இலை வெளுத்திருக்கிறது. இவள் பிண்ணாக்கைப் புளிக்க வைத்து, தண்ணீர் கலந்து, கொஞ்சமாக ஊற்றுவாள். கஞ்சத்தனம். நம்மிடம் இல்லாத பிண்ணாக்கா? செக்கிலிருந்து புதுசாகக் கொண்டுவந்து, அவள் குளிக்கும்போது ரோஜா வேரிலும் கனகாம்பரத்தடியிலும் தாராளமாகப் போட்டு மண்ணால் மூடினேன். பூக்கும்போது சொல்லலாம்.

கார்த்திகை 18
ஆடு வந்துவிட்டது. வேலியில் ஆள் நுழையும் ஓட்டை. ரோஜா வேரோடு கிடக்கிறது. பாய் ஓடி வந்தார்: "இத்தினி நாளா அடக்கமா நின்னது, இன்னிக்கு இன்னாத்துக்குப் பூந்துச்சின்னே தெர்ல நைனாரே."

ராஜமதி தானே கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஒடிந்த கிளுவைக் குச்சிகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள். ஜெயித்தது நான். மண்டியில் உட்கார முடியவில்லை.

மத்தியானம் வந்து பார்த்தேன். கனகாம்பரத்தில் ஒரு இலைகூடக் கடிபடவில்லை. மண்ணை மட்டும் கிளறியிருக்கிறது. நான் பிண்ணாக்குப் போட்ட இடம்.

பொழுது சாயுமுன் சாப்பாடு. சொன்னேன். கரண்டி நின்றது.

"ஊற வெக்காத பிண்ணாக்கா?"

"ஆமா."

"மல்லாட்ட யாவாரி நீங்க. பிண்ணாக்கு வாசனைக்கு ஆடு வரும்னு தெரியாது?"

"மாட்டுக்காரனுக்கு விக்கிறதுதான் தெரியும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். "எப்படி வந்தா இன்னா, ஆடு வந்துச்சு. சொன்ன சொல்லு" என்று குழம்பை ஊற்றினாள். தனக்குச் சாதகமான வழி கிடைத்தும் எடுக்காத ஆளை வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை.

கார்த்திகை 19
பனி. கொத்தனார் நூலும் கரண்டியுமாக வந்துவிட்டார்.

"எங்க நூல் புடிக்கணும் நைனார்?"

ராஜமதி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிணத்தடியில" என்றேன். "தொவைக்கிற தளம் போடணும்." வீடு கட்டிய நாளிலிருந்து அவள் கேட்பது அது.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கொத்தனாரிடம், "அழுக்குத் தண்ணி தேங்காம வேலிப் பக்கம் ஓடுற மாதிரி சரிச்சுப் போடுங்க" என்றாள். குச்சிகளை எடுத்துக்கொண்டு ஓட்டையில் நட உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பக்கம் ஆடுகள் தழைக்குக் கத்தத் தொடங்கின. அவள் கை முழுக்க மண். அரிவாளை நான் எடுத்தேன்.