சார் என்று கூப்பிட்ட செல்வம்

வியாழன், இரவு

நெஞ்சுவலிக்கு எடுத்த பரிசோதனை முடிவோடு இன்று செல்வத்தைப் பார்க்கப் போனேன். கோச்சடையில் என்னோடு படித்து, வைகையில் ஒன்றாகக் குதித்தவன் இப்போது இதய டாக்டர். பார்த்துப் பல வருடமாயிற்று. அறையில் பயிற்சி டாக்டர்கள் நின்றார்கள்.

"உட்காருங்க சார். எவ்வளவு நாளா வலி இருக்கு?" என்றான்.

"ஒரு வாரமா இருக்கு டாக்டர்" என்று நானும் பேங்கில் பேசுகிற தமிழில் சொன்னேன். என்னை மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று மனம் சுருங்கியது.

தாள்களைப் பார்த்து முடித்தவன் மற்றவர்களை வெளியே அனுப்பினான். எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். கெட்ட செய்திதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னடா மாப்ள, எம்புட்டு வருசமாச்சு! நெஞ்சுல ஒண்ணுமில்ல, வெறும் வாயுப் பிடிப்புதான். இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்க?"

"பயந்தே போயிட்டேன்டா. அவிங்க முன்னாடி சாரு கீருங்கவும் என்னைய மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

அப்படிப் பேசி எவ்வளவு காலமாயிற்று! என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது.

வெளியே மனைவி பதறினாள். "ஒண்ணுமில்லைன்னா ஏன் கண் கலங்கியிருக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆபீசில் நான் சார், வீட்டில் அப்பா. மாப்ள என்று கூப்பிட இன்னும் ஒருவன் இருக்கிறான் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?