டிராயரில் கிடக்கும் பேட்ஜ்

அப்பா, உங்கள் பேட்ஜ் காட்டும் கதிர்வீச்சு அளவு பொய். நீங்களும் அம்மாவும் நலம்தானே?

பொங்கலுக்கு வந்தபோது, எங்கள் லேபில் செய்த நுண்படிக வில்லை ஒன்றை உங்கள் வேலை ஹெல்மெட்டுக்குள் ஒட்டினேன். பட்ட கதிரைச் சேர்த்து வைத்து, சூடாக்கினால் அந்த அளவுக்கு அது ஒளிரும். சித்திரையில் எடுத்துவந்தேன், நேற்று சூடாக்கினோம்.

"யாரோடதுடி, இவ்வளவு பிரகாசமா இருக்கு?" என்றாள் உடன் வேலை செய்யும் மேகனா. நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

"ரீடிங் ஏறினா உள்ள விடமாட்டாங்க மருதைண்ணே, கழட்டி டிராயர்ல போட்டுட்டுப் போங்க" என்று சூப்பர்வைசர் சொன்னதை நீங்கள்தான் சிரித்தபடி சொன்னீர்கள். வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று படம் எடுக்கக் கதிர்ப்பெட்டியைத் திறப்பது நீங்கள். காண்ட்ராக்டரின் ரிப்போர்ட் மட்டும் சுத்தம்.

அம்மாவிடம் கொஞ்சம் மோர்மிளகாய் அனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை.

லேபுக்கு நேரமாகிவிட்டது. இனி பேட்ஜை மாட்டிக்கொண்டு உள்ளே போவீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

வேணி