வளையல் அளவு

19.8.2001, ஞாயிறு

சபையை விட்டு வெளியே வந்து இரண்டு வருடமாகியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வதென்று எனக்குத் தெரிவதில்லை. இன்று செம்மேடு பஸ் ஸ்டாண்டு வரை சும்மா நடந்தேன். வளையல்காரம்மா கூப்பிட்டதும் நின்றுவிட்டேன்.

"அளவு என்னங்க கண்ணு?"

"தெரியலீங்க."

முப்பத்தோரு வயதில் என் கை அளவு எனக்குத் தெரியவில்லை. எங்கள் சபையில் பெண்கள் கண்ணாடி வளையல்கூடப் போடக்கூடாது. அந்த அம்மா சிரிக்கவில்லை. என் விரல்களைக் குவித்து அழுத்தி ஒரு டஜன் பச்சை வளையலை ஏற்றினார்.

"ரெண்டு ஆறு. உங்க அளவை மறந்துறாதீங்க சாமி."

கடைசியாக என் கையை இப்படி இறுக்கிப் பிடித்தது அம்மாதான், நான் கிளம்பிய அன்று, வாசலில். "போகாத கண்ணு" என்றாள். சபை மூப்பர்கள் தடுத்துவிட்டதால் அதன்பின் என்னோடு பேசுவதே இல்லை. அவளும் வளையல் போட்டவள்தான்; ஞானஸ்நானத்தன்று கழற்றினாள். எனக்கு அவளுடைய கை என்று எல்லோரும் சொல்வார்கள்.

அதே அளவில் இன்னொரு டஜன் கேட்டேன்.

"இது யாருக்குங்க?"

"எனக்குத்தாங்க" என்று பொய் சொன்னேன். காகிதம் பிரிக்காமல் பெட்டியில் இருக்கிறது.